இஎஸ்சி செட்டிங்கில் கை வைக்கும் முன் மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள்

மாடல் விமானமோ குவாட்காப்டரோ கட்டுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "டைமிங் எவ்வளவு வைக்கணும்?" என்றுதான். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை எவ்வளவு முன்கூட்டியே மாற்றிவிடுவது என்ற செட்டிங் அது; பின்னால் விளக்குகிறேன். மோட்டார் எது, ப்ரொப் (ப்ரொப்பெல்லர்) எந்த அளவு, பேட்டரி எத்தனை செல் என்று எதுவும் சொல்லமாட்டார்கள். யாரோ ஒருவருடைய வீடியோவில் பார்த்த எண்களைத் தங்கள் இஎஸ்சியில், அதாவது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் ஸ்பீடு கன்ட்ரோலரில், ஏற்றியிருப்பார்கள். அந்த எண் அவருடைய மோட்டாருக்கும் அவருடைய ப்ரொப்புக்கும் சரியாக இருந்திருக்கும். நம்முடையதற்கு எது சரி என்பதை நம் மோட்டாரின் சூடும் வாட் மீட்டரும்தான் சொல்ல முடியும்.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் பறக்கவிடும் சிறு கூட்டத்தில் நானும் ஒருவன். ஃபோம் போர்டு விமானம், மடங்கும் ப்ரொப் வைத்த கிளைடர், எஃப்450 என்ற ரெடிமேட் சட்டத்தில் கட்டிய குவாட் என்று எல்லாம் கையில் இருக்கின்றன. பொறியியல் கல்லூரி மாணவர்களும் புராஜெக்ட் சமயத்தில் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பலருடைய மோட்டார்களைப் பெஞ்சில் ஓட்டிப் பார்த்ததில் எனக்குத் தெளிவானதை இங்கே எழுதுகிறேன். முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: எல்லோரும் டைமிங்கைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள், ஆனால் மாடலையும் பேட்டரியையும் அதிகம் காப்பாற்றுவது யாரும் கேட்காத கட்-ஆஃப், அதாவது பேட்டரி தாழ்ந்ததும் மோட்டாரை நிறுத்தும் செட்டிங்தான்.

இஎஸ்சி என்ன செய்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ப்ரஷ்லெஸ் மோட்டாருக்கு மூன்று வயர். ஒரு நேரத்தில் அவற்றில் இரண்டில்தான் இஎஸ்சி மின்சாரத்தைச் செலுத்தும். மூன்றாவது வயர் சும்மா இருக்கும். காந்தங்கள் கடந்து போகும்போது அந்தச் சும்மா இருக்கும் வயரில் ஒரு வோல்டேஜ் எழும். அதைக் கவனித்துத்தான் ரோட்டர் (மோட்டாரின் சுற்றும் பகுதி) இப்போது எங்கே இருக்கிறது என்று இஎஸ்சி கண்டுபிடிக்கிறது. தனியாக சென்சார் எதுவும் கிடையாது. இப்படி ஆறு படி முடிந்தால் ஒரு மின் சுற்று.

நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஏ2212 1000 கேவி மோட்டாரை எடுத்துக்கொள்வோம். கேவி என்பது ஒரு வோல்ட்டுக்கு, சுமை இல்லாமல், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு. இந்த மோட்டாரின் உள்ளே கம்பி சுற்றிய 12 பல், வெளிச்சுற்றில் 14 காந்தம். 14 காந்தம் என்றால் 7 ஜோடி, அதாவது தண்டு ஒரு முறை சுற்ற 7 மின் சுற்று. 3 செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் 11.1 வோல்ட்டில் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 11,100 சுற்று. மின் சுற்றாகப் பார்த்தால் 77,700. ஒவ்வொன்றுக்கும் 6 படி. கணக்குப் போட்டால் நொடிக்கு 7,770 முறை எந்த வயரில் மின்சாரத்தை விடுவது என்று இஎஸ்சி முடிவெடுக்கிறது. ப்ரொப் மாட்டினால் சுற்று குறையும், ஆனாலும் ஆயிரக்கணக்கில்தான் இருக்கும். நாம் மாற்றும் செட்டிங்குகளில் ஒரு பகுதி இந்த முடிவு தவறாமல் பார்த்துக்கொள்வதற்கு. இன்னொரு பகுதி பேட்டரியையும் மோட்டாரையும் காப்பதற்கு.

இவை எதற்கும் முன்னால் ப்ரொப், மோட்டார், பேட்டரி மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். பேட்டரிக்கும் இஎஸ்சிக்கும் நடுவில் ஒரு வாட் மீட்டரை மாட்டுங்கள். விலை அதிகமில்லை, ஒரு நல்ல லைப்போ பேட்டரியைவிடக் குறைவுதான். மாடலை மேஜையில் உறுதியாகக் கட்டி, ப்ரொப்புக்குப் பின்னால் நின்று, முழு த்ராட்டிலில் சில நொடிகள் மட்டும் ஓட்டி ஆம்பியரைக் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டாருக்குக் குறிப்பிட்டிருக்கும் அதிகபட்ச ஆம்பியரைத் தாண்டினால் எந்த செட்டிங்கும் உதவாது. ப்ரொப்பைத்தான் சிறிதாக்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ப்ரொப் இழுக்கும் சக்தி சுற்றின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். 3 செல்லிலிருந்து 4 செல்லுக்குப் போனால் வோல்டேஜ் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. அதே ப்ரொப் அந்த விகிதத்தில் வேகமாகச் சுற்றினால் சக்தி சுமார் 2.4 மடங்காகிவிடும். "ஒரு செல்தானே கூட்டினேன்" என்று சொல்பவர்களின் மோட்டார் கருகுவது இதனால்தான். மாறாக, 10 அங்குல ப்ரொப்பை 9 அங்குலமாக்கினால் அதே சுற்றில் சக்தி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். டைமிங்கைக் குறைத்துக் கிடைப்பது சில சதவீதம்தான். எதில் முதலில் கை வைக்க வேண்டும் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

சூட்டுக்கு என்னுடைய அளவுகோல் எளிது. நிஜமாகப் பறந்து இறங்கியதும் மோட்டாரின் அடிப்பகுதியைத் தொடுவேன். விரலை ஐந்து நொடி வைத்திருக்க முடிந்தால் நிம்மதி. உடனே விரலை எடுக்கத் தோன்றினால் 60 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வேன். சாதாரண தர நியோடிமியம் காந்தங்கள் 80 டிகிரிக்கு மேல் காந்த சக்தியை நிரந்தரமாக இழக்கத் தொடங்கும். வெளியே 60 என்றால் உள்ளே சுருளில் இன்னும் அதிகம் இருக்கும். காந்தம் ஒரு முறை பலமிழந்தால் மோட்டாரின் கேவி கூடிவிடும், அதே உந்துதலுக்கு ஆம்பியர் அதிகமாக இழுக்கும், அப்புறம் இன்னும் சூடாகும். அந்தச் சுழலில் விழுந்த மோட்டாரை மீட்க வழியில்லை. எண்ணாகவே பார்க்க வேண்டுமென்றால் தொழிற்கூடங்களில் பயன்படுத்தும் அகச்சிவப்பு வெப்பமானி வாங்குங்கள். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வாங்கிய, நெற்றியில் காட்டும் கருவி பெரும்பாலும் உடல் சூட்டின் அளவோடு நின்றுவிடும்.

இஎஸ்சியையும் இதே போலத் தொட்டுப் பாருங்கள். ஃபோம் உடலுக்குள் அதை அடைத்து வைத்துவிட்டு, கோடை மதியத்தில் பறக்கவிட்டால் அது எந்த செட்டிங்கிலும் கொதிக்கும். காற்று உள்ளே வர ஒரு துளை, வெளியே போக அதைவிடப் பெரிய துளை வேண்டும். வெளியேறும் வழி சிறிதாக இருந்தால் முன்னால் எவ்வளவு பெரிய துளை போட்டாலும் காற்று ஓடாது.

இனி கட்-ஆஃப். லைப்போ செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட், சராசரி 3.7. 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் செல் கெடும், ஊதும். விமானத்துக்கான இஎஸ்சிகளில் பேட்டரி வகையை லைப்போ என்றோ நிக்கல் என்றோ தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கும். புதிதாக வாங்கியதில் அது லைப்போவாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடாமல் ஒரு முறை பார்த்துவிடுங்கள். நிக்கலில் இருந்தால் செல் கணக்கே இல்லாமல், வோல்டேஜ் மிகக் கீழே போன பிறகுதான் நிறுத்தும். ஒரே பறப்பில் பேட்டரி போய்விடும்.

செல் எண்ணிக்கையைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதியிலும் ஒரு ஆபத்து உண்டு. மாட்டும் நேரத்தில் உள்ள வோல்டேஜை வைத்துத்தான் இஎஸ்சி செல்லை எண்ணுகிறது. நன்றாக இறங்கிப்போன 4 செல் பேட்டரி, செல்லுக்கு 3.2 வீதம் 12.8 வோல்ட் காட்டும். முழுதாக ஏறிய 3 செல் பேட்டரி 12.6 காட்டும். இரண்டையும் இஎஸ்சியால் பிரித்தறிய முடியாது. 3 செல் என்று எண்ணிவிட்டால், கட்-ஆஃப் செல்லுக்கு 3 என்று வைத்திருந்தாலும், 9 வோல்ட்டில்தான் நிறுத்தும். உங்கள் 4 செல்லில் அது செல்லுக்கு 2.25. அதனால் முழுதாக சார்ஜ் ஆகாத பேட்டரியை "ஒரு சுற்று பார்க்கலாம்" என்று மாட்டாதீர்கள். செல் எண்ணிக்கையைக் கையால் கொடுக்க முடிகிற இஎஸ்சி என்றால் கொடுத்துவிடுங்கள்.

கட்-ஆஃப் அளவு எவ்வளவு என்றால், நான் செல்லுக்கு 3.2 வைக்கிறேன். சுமையில் வோல்டேஜ் தாழும், த்ராட்டிலை விட்டால் மறுபடி ஏறும். அதனால் சுமையோடு 3.2 தொட்ட பேட்டரி ஓய்வில் அதைவிட மேலே நிற்கும். பழைய, பலவீனமான பேட்டரிக்கு 3.4 வைத்தால் கிளம்பும்போதே தாழ்ந்து சக்தி குறைந்துவிடும். மாடல் தலை உயரத்தில் இருக்கும்போது அப்படி நடப்பது நல்லதல்ல. நிறுத்தும் விதத்தில் சட்டென்று நிறுத்துவதைவிடப் படிப்படியாகக் குறைப்பதைத் தேர்ந்தெடுங்கள். சத்தம் குறைவது காதில் விழும், இறக்குவதற்கு நேரம் கிடைக்கும். சட்டென்று நின்றுவிட்டாலும் பதற வேண்டாம். பல இஎஸ்சிகளில் த்ராட்டில் குச்சியை முழுக்கக் கீழே இழுத்து மெதுவாகத் தூக்கினால் கொஞ்ச நேரத்துக்குச் சக்தி திரும்பும். மோட்டாரை நிறுத்துவதன் முதல் நோக்கமே ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கும், வால், இறக்கைப் பகுதிகளைத் திருப்பும் சிறு மோட்டார்களான சர்வோக்களுக்கும் மின்சாரத்தை மிச்சம் வைப்பதுதான். ப்ரொப் நின்ற விமானம் சறுக்கிக்கொண்டு இறங்கும், ஆனால் சர்வோ நின்ற விமானத்தை யாராலும் இறக்க முடியாது.

குவாட்டில் கதையே வேறு. நான்கு மோட்டாரில் ஒன்று மட்டும் தானாகச் சக்தியைக் குறைத்தால் அந்த நொடியே கவிழ்ந்துவிடும். குவாட்டில் இஎஸ்சியின் கட்-ஆஃபை அணைத்துவிட்டு, பேட்டரியின் பேலன்ஸ் வயரில் (ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் தனியாகக் காட்டும் சிறு இணைப்பு) ஒரு பஸ்ஸர் மாட்டுங்கள், அல்லது குவாட்டின் மூளையான ஃப்ளைட் கன்ட்ரோலரில் எச்சரிக்கை வையுங்கள். விமானத்தில் ஓடிய இஎஸ்சிகளைக் கழற்றி அப்படியே குவாட்டில் மாட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

பிரேக் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மடங்கும் ப்ரொப் உள்ள கிளைடருக்குப் பிரேக் ஆன். இல்லாவிட்டால் மோட்டாரை நிறுத்தியும் காற்றில் ப்ரொப் சுற்றிக்கொண்டே இருக்கும், மடங்காது, சறுக்கும் தூரம் குறையும். மடங்காத ப்ரொப் என்றால் ஆஃப். கனமான ப்ரொப்பைச் சட்டென்று பிடித்து நிறுத்துவது தண்டுக்கும் ப்ரொப் அடாப்டருக்கும் நல்லதல்ல, அதனால் கிளைடரிலும் மென்மையான பிரேக் இருந்தால் அதையே வைப்பேன்.

இப்போது எல்லோரும் கேட்கும் டைமிங். பழைய புல்லட்டில் ஸ்பார்க்கை அட்வான்ஸ் வைப்பது ஞாபகமிருக்கும். பெட்ரோல் எரிய நேரம் எடுக்கும் என்பதால் பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே ஸ்பார்க் விழ வேண்டும். அட்வான்ஸ் அதிகமானால் கிக்கர் திருப்பி உதைக்கும், இன்ஜின் சூடாகும். ப்ரஷ்லெஸ் மோட்டாரிலும் காரணம் கிட்டத்தட்ட அதேதான். சுருளில் மின்சாரம் ஒரே கணத்தில் ஏறாது, கொஞ்சம் நேரம் எடுக்கும். அதனால் இஎஸ்சி கொஞ்சம் முன்கூட்டியே அடுத்த வயருக்கு மாற வேண்டும். எத்தனை மின் டிகிரி முன்னால் என்பதுதான் டைமிங்.

குவாட் இஎஸ்சிகளுக்குள் ஓடும் பிஎல்ஹெலி-எஸ் மென்பொருளில் இது ஐந்து நிலைகளாக வருகிறது: 0, 7.5, 15, 22.5, 30 டிகிரி. விமான இஎஸ்சிகளில் பெரும்பாலும் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்றே நிலை. ரோட்டர் உள்ளே சுற்றும், காந்தம் குறைந்த இன்ரன்னர் மோட்டார்களுக்குக் குறைந்த டைமிங். கிண்ணம் வெளியே சுற்றும் 14 காந்த அவுட்ரன்னர்களுக்கு நடுத்தரம் அல்லது அதற்கு ஒரு படி மேல். இதுதான் தொடக்கப் புள்ளி. டைமிங்கை ஏற்றினால் சுற்று கொஞ்சம் கூடும். ஆம்பியர் அதைவிட வேகமாகக் கூடும், அந்த அதிகப்படியில் பெரும்பகுதி சூடாகப் போகும்.

இதைச் சொல்லிக் கேட்பதைவிட அளந்து பார்ப்பது நல்லது. மாவு நிறுக்கும் சமையலறைத் தராசு ஒன்றும் ஒரு மரக்கட்டையும் போதும். மோட்டாரைக் கட்டையின் மேல் முனையில் ப்ரொப் மேல்நோக்கி ஊதும்படி மாட்டி, கட்டையைத் தராசில் நிறுத்தி நன்றாகக் கட்டுங்கள். காற்று மேலே போகும்போது தராசு கீழே அழுத்தப்படும், அந்த கிராம்தான் உந்துதல். நடுத்தர டைமிங்கில் ஒரு முறை, அதிக டைமிங்கில் ஒரு முறை ஓட்டி, கிராமையும் வாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் பேட்டரி முழுதாக சார்ஜ் ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிடவே முடியாது. நான் இப்படி அளந்த 14 காந்த மோட்டார்களில் கிராம் லேசாக ஏறும், வாட் கண்ணில் படும்படி ஏறும். அந்தச் சிறு கூடுதல் உந்துதலுக்காகப் பறக்கும் நேரத்தையும் மோட்டாரையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. டைமிங்கை ஏற்ற நியாயமான காரணம் ஒன்றுதான்: மோட்டார் தடம் தவறுவது.

தடம் தவறுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் மறக்காது. த்ராட்டிலைத் திடீரென்று தூக்கும்போது மோட்டார் ஒரு கீச்சுக் குரலோடு திணறி நிற்கும், அல்லது வெட்டி வெட்டிச் சுற்றும். ரோட்டர் இருக்கும் இடத்தை இஎஸ்சி தவறவிட்டுவிட்டது என்று பொருள். குவாட்டில் இது நடந்தால் ஒரு மூலை தொங்கி அப்படியே கவிழும்.

கல்லூரி மாணவர் ஒருவர் எஃப்450 குவாட்டோடு வந்தார். ஏ2212 மோட்டார், 10 அங்குல ப்ரொப், பிஎல்ஹெலி-எஸ் வகை இஎஸ்சி. "அண்ணா, செட்டிங் எல்லாம் வீடியோல இருக்கிற மாதிரியேதானுங்க வெச்சேன். மெதுவா தூக்குனா நல்லா இருக்குது, குச்சிய வேகமா தள்ளுனா ஒரு மோட்டார் கத்துது" என்றார். வீடியோ எதற்கானது என்று கேட்டேன். 5 அங்குல ரேசிங் குவாட். அதன் ப்ரொப் இலேசானது, மோட்டார் வேகமானது. அதற்காக அதே இஎஸ்சிகளில் ஏற்றக்கூடிய 96 கிலோஹெர்ட்ஸ் புளூஜே மென்பொருளும் ரேசிங் ஆட்கள் வைக்கும் மற்ற எண்களும் அப்படியே ஏறியிருந்தன.

நான் முதலில் செட்டிங்கைத் திறக்கவில்லை. மோட்டார் வயர்களைத்தான் பார்த்தேன். மூன்றில் ஒன்றில் ஈயம் சரியாகப் பிடிக்காமல் இருந்தாலும், புல்லட் கனெக்டர் தளர்ந்திருந்தாலும் இதே சத்தம்தான் வரும், அதை எந்த எண்ணாலும் சரிசெய்ய முடியாது. ப்ரொப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு கனெக்டரையும் லேசாக இழுத்துப் பார்த்தோம். கத்திய மோட்டாரில் ஒரு புல்லட்டின் ஈயம் சாம்பல் நிறத்தில் உருண்டையாக நின்றிருந்தது, வயருக்குள் இறங்கவே இல்லை. அதை மறுபடி பற்றவைத்ததும் நிலைமை பெரிதும் மாறியது. ஆனாலும் வேகமாகத் தள்ளினால் எப்போதாவது ஒரு திணறல் மிச்சமிருந்தது. அதன் பிறகுதான் செட்டிங். 24 கிலோஹெர்ட்ஸ் பதிப்புக்கு மாற்றினோம். டைமிங்கை ஒரு படி ஏற்றி 22.5 டிகிரியில் வைத்தோம். டிமேக் காம்பன்சேஷனை உயர்நிலைக்குக் கொண்டுபோனோம். ஒன்று மாற்றினால் ஒரு முறை ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்தது. திணறல் நின்றது டிமேக்கை ஏற்றிய பிறகுதான்.

டிமேக் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு வயரில் மின்சாரத்தை நிறுத்தியதும் சுருளில் இருக்கும் மின்சாரம் உடனே அடங்காது, ஒரு சிறு நேரம் ஓடி அடங்கும். அந்த நேரம் நீண்டால், காந்தத்தின் வோல்டேஜைப் பார்க்க வேண்டிய கணத்தில் இஎஸ்சிக்கு அது மறைந்துவிடும். கனமான ப்ரொப்பை வேகமாக முடுக்கும்போது ஆம்பியர் எகிறுவதால் இது நேர்கிறது. டிமேக் காம்பன்சேஷன் இதைக் கண்டுபிடித்து, ஒரு கணம் சக்தியைக் குறைத்து, இஎஸ்சிக்கு மறுபடி தடம் பிடிக்க நேரம் தரும். உயர்நிலையில் உச்ச சக்தி சிறிது குறையலாம். படம் எடுக்கவும் மெதுவாக மிதக்கவும் பயன்படும் குவாட்டுக்கு அந்த இழப்பு ஒரு பொருட்டல்ல.

பிடபிள்யூஎம் அலைவெண் (மின்சாரத்தை இஎஸ்சி நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை திறந்து மூடுகிறது என்ற கணக்கு) பற்றியும் இதே இடத்தில் சொல்லிவிடுகிறேன். 48, 96 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் மோட்டார் மென்மையாக ஓடும், சத்தம் குறையும், சிறிய மோட்டாரில் பறக்கும் நேரமும் கூடலாம். ஆனால் மாஸ்ஃபெட்கள் (இஎஸ்சிக்குள் இருக்கும் மின் சுவிட்சுகள்) அதிக முறை திறந்து மூடுவதால் இஎஸ்சி சூடாகும், குறைந்த த்ராட்டிலில் பிடிமானமும் குறையும். பெரிய ப்ரொப்புக்கு 24 நன்றாக வேலை செய்கிறது. கைக்குள் அடங்கும் சின்னக் குவாட்டுக்கு 48 வைப்பேன்.

ஸ்டார்ட்அப் சக்தியைப் பொறுத்தவரை, மோட்டார் தயங்காமல் கிளம்பும் மிகக் குறைந்த அளவே சரியான அளவு. தயங்குகிறது என்று அதை எடுத்ததும் ஏற்றாதீர்கள். நம் மைதானங்களில் புல்லும் நெருஞ்சியும் ப்ரொப்பைப் பிடித்துக்கொள்ளும். சுற்ற முடியாமல் நிற்கும் மோட்டாருக்குள் அதிக ஸ்டார்ட்அப் சக்தி பாய்ந்தால் சில நொடிகளில் சுருளின் எனாமல் கருகிவிடும். மாடல் தலைகுப்புற விழுந்தால் முதல் வேலை த்ராட்டிலைக் கீழே இழுப்பது, அப்புறம்தான் ஓடிப்போய் எடுப்பது. பக்கத்தில் பறக்கவிடுகிறவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். கூட்டமாகப் பறக்கும்போது ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் "த்ராட்டில்!" என்று குரல் கொடுக்கும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. அது பல மோட்டார்களைக் காப்பாற்றியிருக்கிறது.

த்ராட்டில் காலிப்ரேஷனை மறந்துவிட்டு டைமிங்கைக் குறை சொல்பவர்களும் உண்டு. பழைய முறை சிக்னலில் 1000 மைக்ரோநொடி சுழியம், 2000 முழு வேகம் என்பது பொதுக் கணக்கு, ஆனால் ஒவ்வொரு ரிமோட்டும் சற்று வேறுபடும். குச்சியை முழுக்க மேலே வைத்துப் பேட்டரியை மாட்டி, பீப் கேட்டதும் முழுக்கக் கீழே இறக்கினால் இஎஸ்சி இரண்டு எல்லைகளையும் கற்றுக்கொள்ளும். குவாட்டில் நான்கு இஎஸ்சியும் ஒரே எல்லைகளைக் கற்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மோட்டார் முந்திக் கிளம்பும். டீஷாட் என்ற டிஜிட்டல் சிக்னலில் இந்த வேலையே தேவையில்லை. இந்த வேலையைச் செய்யும்போது ப்ரொப் மாட்டியிருக்கவே கூடாது. குச்சி மேலே இருக்கும் நிலையில் பேட்டரியை மாட்டுகிறோம்; இஎஸ்சி அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டால் விரல் போய்விடும். இதில் சமரசமே வேண்டாம்.

செட்டிங்கை மாற்ற மூன்று வழிகள். குச்சியை மேலும் கீழும் தள்ளிப் பீப்பை எண்ணுவது ஒன்று. நடக்கும், ஆனால் எந்த நிலையில் இருக்கிறோம் என்று திரையில் தெரியாது. விமான இஎஸ்சிக்கு அதே நிறுவனத்தின் புரோகிராம் கார்டு வாங்கினால் எல்லா செட்டிங்கும் விளக்கு எரிந்து கண்முன் தெரியும், அதற்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது. குவாட் என்றால் ஃப்ளைட் கன்ட்ரோலர் வழியாகவே கணினியிலிருந்து நான்கு இஎஸ்சியையும் படித்து எழுதலாம். சைமன்கே என்ற பழைய மென்பொருள் உள்ள இஎஸ்சிகளில் பெரும்பாலானவற்றை மாற்ற மென்பொருளையே திருத்தி மறுபடி ஏற்ற வேண்டும். வந்தபடியே விட்டுவிடலாம், அவை குவாட்டுக்குப் போதுமானவை. புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒன்று: மூல நிரல் வெளியிடப்படாத பிஎல்ஹெலி-32 மென்பொருளின் வளர்ச்சி 2024 நடுவில் நின்றுவிட்டது. 32 பிட் இஎஸ்சி வாங்குவதானால் திறந்த மூல ஏஎம்32 உள்ளதைப் பாருங்கள்.

வயர் நீளம் செட்டிங் அல்ல, ஆனால் செட்டிங்கைக் கெடுக்கும். பெரிய விமானத்தில் பேட்டரி எட்டவில்லை என்றால் பேட்டரிப் பக்க வயரை நீட்டாதீர்கள். அந்த நீளத்தில் ஒவ்வொரு திறந்து மூடலுக்கும் வோல்டேஜ் துள்ளும், இஎஸ்சியின் கெப்பாசிட்டர் அதைத் தாங்கித் தாங்கியே சாகும். மோட்டார்ப் பக்க மூன்று வயரை நீட்டுங்கள். வேறு வழியில்லை என்றால் இஎஸ்சியின் உள்வாயிலை ஒட்டிக் குறைந்த உள்தடை கொண்ட எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் ஒன்றைச் சேருங்கள். 4 செல்லுக்கு 35 வோல்ட் தாங்கும் 470 அல்லது 1000 மைக்ரோஃபாரட் போதும். புதிதாகப் பற்றவைத்த எதற்கும் முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது நான் 12 வோல்ட் 21 வாட் பைக் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைத் தொடரில் வைப்பேன். ஒரு கணம் மின்னி அணைந்தால் எல்லாம் சரி. தொடர்ந்து பிரகாசமாக எரிந்தால் எங்கோ ஷார்ட், ஆனால் எதுவும் கருகியிருக்காது. 3 செல்லுக்கு இது பொருத்தம்.

இஎஸ்சிக்குள்ளேயே சர்வோவுக்கு 5 வோல்ட் தரும் பெக் என்ற பகுதி இருக்கும். சாதாரண 30 ஆம்பியர் இஎஸ்சிகளில் பெரும்பாலும் அது லீனியர் வகை, மிச்ச வோல்டேஜை எல்லாம் சூடாகவே வெளியேற்றும். முழு 3 செல்லில் சர்வோக்கள் 1 ஆம்பியர் இழுத்தால் 7.6 வாட் சூடு. 4 செல்லில் 11.8 வாட். 4 செல்லும் நான்கு சர்வோவும் இருந்தால் அந்த அளவு சூடாகாத ஸ்விட்சிங் பெக் ஒன்றைத் தனியாக வாங்கி மாட்டிவிட்டு, இஎஸ்சியின் சிவப்பு வயரை உருவி டேப் சுற்றிவிடுங்கள். பறந்துகொண்டிருக்கும்போது ரிசீவர் நின்றுபோகும் விபத்துகளில் பலவற்றுக்குக் காரணம் இந்தச் சூடுதான். மாடலை இழந்தவர்கள் ரேடியோவைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

எந்த மாடலில் என்ன வைத்திருக்கிறேன் என்பதை மாஸ்கிங் டேப்பில் எழுதி இஎஸ்சியின் பக்கத்திலேயே ஒட்டிவிடுவேன். கிளைடரில் இப்போது: லைப்போ, செல்லுக்கு 3.2, படிப்படியான கட்-ஆஃப், மென்மையான பிரேக், நடுத்தர டைமிங், மென்மையான ஸ்டார்ட்அப். குவாட்டில்: கட்-ஆஃப் இல்லை, 22.5 டிகிரி, டிமேக் உயர்நிலை, 24 கிலோஹெர்ட்ஸ். டேப்பின் அடியில் ப்ரொப் அளவும் செல் எண்ணிக்கையும், அன்று வாட் மீட்டர் காட்டிய முழு த்ராட்டில் ஆம்பியரும் இருக்கும். ப்ரொப்போ செல்லோ மாறினால் அந்த டேப்பைக் கிழித்துவிட்டு வாட் மீட்டரிலிருந்து மறுபடி தொடங்குவேன்.